எனக்கு மட்டும் வாபஸ்

அங்கே சட்டங்கள் இரண்டுதான். தொட்ட காயை ஆடியே தீர வேண்டும். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். எழுதி வைத்த சட்டமல்ல. வந்து நின்று பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

மாட்டுங்காவில் மேம்பாலத்துக்கு அடியில் நீளமாக ஒரு பூங்கா இருக்கிறது. தலைக்கு மேல் வண்டிகள் பாலத்தின் இணைப்பைக் கடக்கும்போதெல்லாம் தடக்கென்று ஒரு சத்தம் வரும். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. பூங்காவின் ஒரு முனையில், தூணை ஒட்டிய சிமென்ட் பெஞ்சில், ஞாயிறு மாலைகளில் சிலர் சதுரங்கம் ஆடுகிறார்கள். எல்லாரும் தமிழர்கள், எல்லாரும் ஆண்கள். நான் அங்கே போய்ச் சேர்ந்தது சதுரங்கத்துக்காக மட்டுமல்ல.

ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்க்கச் சென்னையிலிருந்து மும்பைக்கு வந்தவள் நான். நாளிதழின் மும்பைப் பதிப்பு பிறகு நின்றுபோனது. உடன் வேலை பார்த்தவர்கள் திரும்பிப் போனார்கள். எனக்கு அங்கேயும் யாரும் காத்திருக்கவில்லை. திலக் நகரில் எடுத்த வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டேன். இப்போது இணையதளங்களுக்காக வீட்டிலிருந்தபடியே பிரதி திருத்துகிறேன். எல்லாம் மின்னஞ்சலில் வரும், மின்னஞ்சலில் போகும். சில நாட்களில் நான் வாய் திறந்து பேசும் ஒரே சொற்றொடர் கூரியர்காரரிடம் சொல்லும் ஓடிபி எண்ணாக இருக்கும்.

செல்போனில் சதுரங்கம் ஆடப் பழகியது அந்தக் காலத்தில்தான். எதிரே இருப்பவருக்கு முகமில்லை. நான் செய்யும் தவறுகளை ஆட்டம் முடிந்ததும் செயலி சிவப்பில் காட்டும். பெரும்பாலும் ஒரே வகைத் தவறு. காவலில்லாத இடத்தில் ஒரு காயை விட்டுவிடுவேன். அடுத்த நகர்வில் அது போய்விடும். ஆழமான திட்டங்களில் தோற்றேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இருக்கவில்லை.

பூங்காவில் மூன்று பேர் தவறாமல் வருவார்கள். தாராவியில் தோல் பை தைக்கும் கார்கானா வைத்திருக்கும் ஒரு பாய், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற மாட்டுங்காவாசி ஒருவர். குர்லாவில் ஹார்டுவேர் கடை நடத்துபவர் ஒருவர். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். பலகை பாயினுடையது. மந்திரியை அவர் ஒட்டகம் என்பார், ராணியை வசீர் என்பார். பம்பாய் இந்தியில் ஆடிப் பழகியதால் வந்த பெயர்கள்.

முதலில் சில வாரங்கள் நின்று பார்த்தேன். ஆட்டத்தைவிடப் பேச்சுத்தான் அதிகம்.

"ஆடும்வே. ஸ்லோ லோக்கல் கணக்கா ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நின்னு நின்னு வாரீரு."

"யோசிக்க விடுங்க பாய்."

"என்னத்த யோசிக்கீரு? உம்ம யானை நடுரோட்டுல நிக்கு. நான் ஏத்திட்டுப் போயிருவேன், டோவிங் வண்டி மாதிரி."

கடைக்காரர் பதறிப்போய் யானையை இழுப்பார். இழுத்த வேகத்தில் குதிரை போகும். "பார்த்தேளா ஓய், ஒண்ணைக் காப்பாத்தறேன்னு ரெண்டாவதைத் தொலைச்சுட்டார்" என்று ஓய்வு பெற்றவர் பெஞ்சின் பின்னாலிருந்து செய்தி வாசிப்பார். தோற்றவர் திட்டிக்கொண்டே எழுவார். யாரும் ஆறுதல் சொல்வதில்லை. டீ வந்தால் தோற்றவருக்கும் ஒரு கிளாஸ் நீளும், அவ்வளவுதான்.

ஒருநாள் பாய் என்னைப் பார்த்து, "மேடம் ஆடுவியளா?" என்றார். உட்கார்ந்தேன். பத்துப் பன்னிரண்டு நகர்வுகள் ஒழுங்காகப் போயின. பிறகு மந்திரியை எடுத்து வைத்தேன். வைத்த பிறகுதான் என் ராணியின் மேல் அவருடைய குதிரை கண் வைத்திருந்தது தெரிந்தது. அவர் குதிரையைத் தொடவில்லை. என் மந்திரியைத் தன் கையாலேயே எடுத்துப் பழைய கட்டத்தில் வைத்தார்.

"பாக்கல போலுக்கு. பரவால்ல மேடம், வாபஸ் எடுத்துக்கிடுங்க."

பின்னால் நின்றவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தில் மூன்று வாபஸ் வாங்கியும் தோற்றேன். எழுந்தபோது, "நன்னா ஆடினேள்" என்றார் ஓய்வு பெற்றவர். நான் நன்றாக ஆடவில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அப்படியே. நான் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். கேலி நின்றுவிடும். கடைக்காரர் கூட, என்னோடு ஆடும்போது, என் தவறை எடுத்துச் சொல்லித் திருத்தச் சொல்வார். நான் எழுந்ததும் மறுபடி சத்தம் தொடங்கும். விருந்தாளி கிளம்பிய பிறகு வீட்டார் சட்டைப் பித்தானைத் தளர்த்துவதுபோல. திலக் நகருக்குத் திரும்ப குர்லாவில் ரயில் மாறும்போது எனக்கு ஒன்று தெளிவானது. அங்கே ஜெயிக்க வேண்டும் என்பது என் தேவை அல்ல. வாபஸ் கொடுக்கத் தோன்றாத ஓர் ஆளாக நான் அங்கே உட்கார வேண்டும். அது நடக்காவிட்டால் போவதை நிறுத்திவிடலாம் என்றும் நினைத்தேன். நிறுத்தினால் ஞாயிறும் மற்ற நாட்களைப்போல ஆகிவிடும்.

வாபஸ் வேண்டாமென்றால் தவறு செய்யாமல் இருப்பதுதான் வழி என்று முடிவு செய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தொழில் அறிவும் இருந்தது. செய்தித்தாளில் பெரிய பிழைகள் சின்ன எழுத்தில் வருவதில்லை, தலைப்பில்தான் வரும். உள்ளே ஒவ்வொரு வரியையும் நான்கு பேர் பார்ப்பார்கள். தலைப்பை எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்று எல்லாரும் நினைப்பார்கள். எழுதியவர் தன் பிரதியைப் படிக்கும்போது தாளில் இருப்பதைப் படிப்பதில்லை, தான் எழுத நினைத்ததைப் படிக்கிறார். அதனால் நாங்கள் பக்கத்தை அனுப்பும் முன் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிப்போம். பொருள் ஓடாது, சொல் மட்டும் தெரியும்.

பலகையிலும் நான் என் திட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், காய்களை அல்ல. செல்போனில் பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். என் காய்கள் மேலே, எதிரியின் காய்கள் கீழே. முதலில் ஒன்றும் புரியவில்லை, வரிசையாகத் தோற்றேன். மெல்ல ஒரு பழக்கம் வந்தது. எதிராளி ஒரு காயை வைத்ததும், அது இப்போது எதைத் தொடுகிறது என்று மட்டும் கேட்பேன். பிறகு நான் வைக்கப்போகும் காய் எதைக் காவலில்லாமல் விட்டுவிட்டுக் கிளம்புகிறது என்று கேட்பேன். அதற்குப் பிறகே திட்டம். பூங்காவில் காத்திருக்கும்போது ஜெயிப்பவரின் பின்னால் நிற்பதை விட்டுத் தோற்பவரின் பின்னால் போய் நின்றேன். தவறு வருவதை அங்கிருந்து முன்கூட்டியே பார்க்க முடிந்தது.

மழைக்காலம் முழுக்க இப்படிப் போனது. புத்திசாலித்தனமாக நான் எதுவும் ஆடவில்லை. எதையும் கீழே போடவில்லை, அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது. கடைக்காரரைத் தோற்கடித்தேன். ஓய்வு பெற்றவரைத் தோற்கடித்தேன். ஒரு மாலையில் பாயும் தன் ராஜாவைச் சாய்த்து வைத்தார்.

வேறு யாரிடமாவது பாய் தோற்றிருந்தால் கேலிச் சத்தம் பூங்காவின் மறுமுனைவரை கேட்டிருக்கும். அன்று யாரும் வாய் திறக்கவில்லை. கடைக்காரர் செல்போனைப் பார்த்தார். ஓய்வு பெற்றவர் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு பெண்ணிடம் தோற்றவரைக் கேலி செய்யக் கூடாது என்று அவருக்காக மௌனம் காத்தார்கள். "மேடம் நல்லா ஆடுதிய" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். வெற்றியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர் இடம் சற்று நேரம் காலியாகவே இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு பாயோடு மறுபடி ஆட்டம். எனக்கு ஒரு காய் அதிகம். அவருடைய ராஜாவின் பக்கம் ஒரு வழி திறந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரையைத் தூக்கினேன். தூக்கிய பிறகு, கை காற்றில் இருக்கும்போது, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். அவருடைய யானைக்கு நேரே நின்ற என் யானையைக் காத்து நின்றது அந்தக் குதிரைதான். அது எங்கே இறங்கினாலும் யானை போகும்.

"வச்சிருங்க மேடம்" என்றார் பாய். "வாபஸ்."

"வேண்டாம். தொட்டாச்சு."

"அட, வைங்க. இது என்ன கோர்ட்டா?"

"இவருக்குக் கொடுப்பீங்களா?" என்று கடைக்காரரைக் காட்டினேன்.

"எனக்கா?" என்றார் கடைக்காரர். "நல்லா கேட்டீங்க. தும்முனப்ப கை காயில பட்டுட்டுன்னு என் ராணிய ஆட வச்ச மனுஷன் இவரு."

"தும்மறதுக்கு முன்னாடி கையை எடுத்திருக்கணும் ஓய்" என்றார் ஓய்வு பெற்றவர்.

பாய் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த குதிரையைப் பார்த்தார். "நான் ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுக்கக் கூடாது. நீங்க ஒத்தையில வாரிய, ஒத்தையில போறிய. வந்த எடத்துல தோக்கடிச்சு, அதுக்கு மேல நாலு பேரு சிரிச்சா, மறுவாரம் வருவியளா? அதான் வாபஸ் குடுத்தேன்."

"வாபஸ் வாங்கி வாங்கித்தான் வர வேண்டாம்னு இருந்தேன்."

நான் குதிரையை இறக்கினேன். அவர் என் யானையை எடுத்துப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். அதற்குப் பிறகு ஆட்டம் நீளவில்லை. பின்னால் யாரும் எதுவும் பேசவில்லை. என்ன பேசலாம் என்று அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று நினைத்தேன். நான் வழக்கத்தைவிட முன்னதாகக் கிளம்பினேன். பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் போனில் யாரிடமோ இரவுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். எனக்கும் யாரிடமாவது சொல்ல ஒரு விஷயம் இருந்தது. சொல்ல ஆள் இல்லை. வீட்டில் ஆட்டத்தைச் செல்போனில் வைத்துப் பார்த்தேன். யானை போன பிறகும் சமன் செய்ய ஒரு வழி இருந்திருக்கிறது. அதையும் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் போவதா வேண்டாமா என்று மாற்றி மாற்றி யோசித்தேன். ஞாயிறு கிளம்பும்போதும் முடிவு செய்திருக்கவில்லை. குர்லாவில் இறங்கி, நடைமேடையில் ஒரு ரயிலை விட்டுவிட்டு, அடுத்ததில் ஏறினேன்.

பாய் ஆடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. என் முறை வந்ததும் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் ஆடினேன். நடுவில் ஒரு சிப்பாயைத் தள்ளியபோது மந்திரி தனியாக நின்றது. அவருடைய கை நேராக வந்து அதை எடுத்தது.

"ஒட்டகம் பாலைவனத்துல ஒத்தையில நின்னா இப்படித்தான்" என்றார் பலகையைப் பார்த்தபடியே.

கடைக்காரர் சத்தமாகச் சிரித்தார். தோற்று எழுந்தேன். யாரும் நன்றாக ஆடினீர்கள் என்று சொல்லவில்லை. என் இடத்தில் ஓய்வு பெற்றவர் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டார். நான் தூணின் பக்கம், வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்றேன். இருட்டத் தொடங்கியிருந்தது. பூங்கா விளக்குகளில் ஒன்று என் தலைக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது.

பாய் நிமிர்ந்தார். "யம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிய."

தள்ளி நின்றேன்.