புள்ளி எடுத்த படம்

கல்பாசியின் மேல் வாழும் ஒரு பூஞ்சைதான் என் ஆராய்ச்சி. பிரியாணியில் போடுகிற அதே கல்பாசிதான். அதன் சாம்பல் நிற இதழ்களில் கடுகைவிடச் சின்னக் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது என் பூஞ்சை. கல்பாசியே ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம். அதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்து தின்கிற விருந்தாளி இது.

போன வருடம் எங்கள் கல்லூரிக் காலண்டரில் தாவரவியல் துறைக்கும் ஒரு மாதம் ஒதுக்கினார்கள். நாள் குறைவென்று யாரும் கேட்காத பிப்ரவரி. நான் எடுத்த படங்களிலேயே சிறந்ததைக் கொடுத்து, கீழே 'கல்பாசியில் வாழும் ஒட்டுண்ணிப் பூஞ்சை' என்று போடச் சொன்னேன்.

சிவகாசி அச்சகத்துக்கு நான் போனபோது எல்லாம் அச்சாகிக் கட்டுக்கட்டாக இருந்தது. ஒன்றை உருவிப் பார்த்தேன். கல்பாசி பளிச்சென்று இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை.

டிசைன் செய்கிற அண்ணாச்சி பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

"படம் பூராம் அங்கன அங்கன கருப்பா தூசி சார். ஒவ்வொண்ணா எடுத்தேன். கண்ணே அவிஞ்சு போச்சு."

"அந்தத் தூசிதான் அண்ணாச்சி பூஞ்சை."

அவர் படத்தையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இது?"

"அது வெறும் கல்பாசி."

"அதுவும் நல்லாத்தான சார் இருக்கு. வருத்தப்படாதீக. யாரு உத்துப் பாக்கப் போறா?"

அவர் சொன்னது பொய்க்கவில்லை. எங்கள் முதல்வர் மட்டும் என்னைக் கூப்பிட்டு, பூஞ்சை இவ்வளவு அழகாக இருக்குமென்று தெரியாது என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பூஞ்சை இருந்த படங்களுக்கு அதுவரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

பிப்ரவரியில் விருதுநகரில் நாங்கள் சாமான் வாங்கும் மளிகைக்கடை பாய் என்னை நிறுத்தினார். கடையில் எங்கள் காலண்டர் தொங்கியது.

"இம்புட்டு சுத்தமான கல்பாசி எங்கன கெடைக்குது சார்? எங்களுக்கு வர்றதுல பாதி கரும்புள்ளி. பொறுக்கிப் பொறுக்கிக் குப்பையில போடுறோம்."

"போடாதீங்க பாய். அது எனக்கு வேணும்."

"சமையலுக்கா?"

"பாக்கிறதுக்கு."

வாத்தியாருக்கு என்ன கஷ்டமோ என்று நினைத்திருப்பார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கழிவுக்கல்பாசியை ஒரு சாக்கில் அள்ளிக் கொடுத்தார். மலைமலையாக ஏறி முட்டி தேய்ந்து நான் சேர்த்ததைவிட அதில் அதிகம் இருந்தது. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், நான் அதுவரை பார்த்திராத ஒரு பூஞ்சையும் கிடைத்தது.

இரவு சாப்பிடும்போது மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

"சோத்துல கைய வச்சுக்கிட்டு அதையா பேசுவீக?" என்றாள்.

ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.