முதல் அழுத்தம்

என் அப்பா இருசப்பனின் வேலைக்குப் பெயர் கன்மேன். செங்கம் ரோட்டில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் கிளை வாசலில் காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை நிற்பார். ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், உட்கார மாட்டார். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு வாட்ச்மேன் வேலை எங்கேயும் கிடைக்கும். கன்மேன் என்றால் சொந்தத் துப்பாக்கியும் அதற்கு லைசென்ஸும் வேண்டும். அப்பாவிடம் இருப்பது ராணுவம் எப்போதோ கழித்துவிட்ட பழைய ரைஃபிள். அதை நம்பித்தான் நான் கல்லூரிக்குப் போனேன். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது 'தகப்பனார் தொழில்' என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை ஏஜென்சிக்காரர்கள் கன்மேன்களைச் சுடும் தளத்துக்கு அழைத்துப் போவார்கள். ஐந்து தோட்டாவில் மூன்று வட்டத்துக்குள் விழ வேண்டும். இந்த வருஷம் அப்பாவுக்கு ஒன்றுதான் விழுந்தது. சர்க்கரை வந்து விரல் நுனிகள் மரத்துவிட்டன. விசையோ ராணுவத்து விசை, நல்ல கனம். அதை இழுத்து முடிப்பதற்குள் கை முழுவதும் இறுகி, குழல் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். ஒரு மாதம் கழித்து இன்னொரு வாய்ப்பு தருவதாகச் சொன்னார்கள். அதிலும் தவறினால் வேலை இல்லை.

வழியைக் கண்டுபிடித்தது நான்தான். இப்படிப்பட்ட பழைய ரைஃபிளின் விசையை ஒரு வெளிநாட்டுக்காரர் வழவழப்பாக்கி, கனத்தைக் குறைக்கும் வீடியோ ஒன்றைப் போனில் பார்த்தேன். அப்பாவையும் உட்காரவைத்துப் பார்க்கவைத்தேன். மறுநாளே இருவரும் வேங்கிக்காலுக்குப் போனோம். அங்கே ஜினசேனன் மாமா லைசென்ஸோடு துப்பாக்கிப் பழுது பார்க்கிறார். சமணர். அப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர், அங்கேயும் இதே வேலைதான்.

"டேய் இருசா, இருக்கியா நீ? செத்துட்டியோன்னு நெனச்சேன்."

"உன் வீட்டுல வெங்காயம் போடாத சாம்பார் துன்னேன் பாரு, அன்னைக்கே பாதி செத்துட்டேன்" என்றார் அப்பா. "எறும்பக்கூட மிதிக்கமாட்ட, துப்பாக்கிக்கு மட்டும் எண்ணெய் போடுவியா?"

மாமா சிரித்துக்கொண்டே ரைஃபிளை வாங்கிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"இதுல ரெண்டு அழுத்தம்மா. மொதல் அழுத்தத்துல லேசா வந்து ஒரு எடத்துல நிக்கும். அங்கேர்ந்து இன்னும் அழுத்தினாத்தான் வெடிக்கும். அந்த நிக்கற எடத்த சும்மா வெக்கல."

"அது உராய்வுதான் மாமா. ரெண்டு இரும்பு உரசுது. வழவழன்னு ஆக்கிட்டா பலம் கம்மியாப் போதும்."

"என்னா படிச்ச?"

"பி.எஸ்சி. பிசிக்ஸ்."

"உரசறது மட்டும் இல்லம்மா அது. தாங்கறதும் அதான்."

ஆனாலும் செய்தார். அப்பாவின் விரலைப் பார்த்துவிட்டு, மறுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு முறை பூட்டிக் கொடுக்கும்போதும் அப்பா இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணுடா" என்பார். மூன்று முறை சொன்னார். கடைசியில் மாமா ரைஃபிளை நீட்டி, "இருசா, இனிமே விரல உள்ள வெச்சா சுடறதுக்குத்தான் வெக்கணும். சும்மா வெக்கக்கூடாது" என்றார். அப்பா தலையை ஆட்டினார். அப்பாவுக்கு வலது காது கேட்காது. மாமா பேசியது வலது பக்கம் நின்று. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மறுதேர்வில் ஐந்துக்கு நான்கு. திரும்பும் வழியில் எனக்கு மட்டும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். என் படிப்பு முதன்முதலாக ஒரு காரியத்துக்கு உதவியதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து கிளைக்கு ஒரு உத்தரவு வந்தது. எங்கேயோ ஒரு கிளையில் கொள்ளை நடந்ததாம். ஆகவே நகைப்பெட்டி வண்டியில் ஏறும் நேரத்தில் கன்மேன் தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றித் தயாராக நிற்கவேண்டும். அதற்கு முன்பெல்லாம் ஏற்றாமல்தான் நிற்பார். உத்தரவு வந்ததிலிருந்து அப்பா தினமும் சாயங்காலம் காலித் துப்பாக்கியோடு வீட்டில் பயிற்சி செய்தார். ஒவ்வொரு முறையும் தோட்டா ஏற்றுவதுபோல் இழுத்துவிட்டு, ரைஃபிளைக் குறுக்கே பிடித்து, சட்டென்று குழலை முன்னால் கொண்டுவந்து, விசையில் விரலை வைத்து அப்படியே நிற்பார். டி.வி. அலறிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் டி.வி.யை நிறுத்திவிட்டு அம்மா உள்ளே போனாள். அப்போதுதான் எனக்குக் கேட்டது. டிக்.

"அப்பா, என்னா பண்ற?"

"மொதல் அழுத்தம் எடுத்து நிக்கறேன். பட்டாளத்துல அப்படித்தான். எதிரில ஆள் யாருன்னு தெரியற வரைக்கும் மொதல் அழுத்தத்துல நிக்கணும்."

"பின்னாடி பாருப்பா."

ரைஃபிளின் பின்பக்கம், சுடத் தயாராக இருக்கும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ் உள்ளே போயிருந்தது. அப்பா அதையே பார்த்தார். குமிழைப் பின்னால் இழுத்துவிட்டு, மறுபடி விசையில் விரல் வைத்தார். டிக். அவருடைய முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. விரலுக்கும் தெரியவில்லை, காதுக்கும் தெரியவில்லை. நின்றுகொண்டிருப்பதாக நினைத்த ஒவ்வொரு முறையும் அவர் சுட்டிருக்கிறார்.

"சரி, விரல வெளியவே வெச்சுக்கறேன்" என்றார். குமிழை மறுபடி இழுத்துவிட்டு, விரலை வெளியே வைத்துக்கொண்டு நிற்கவும் செய்தார். சமையலறையில் அம்மாவின் கையிலிருந்து தட்டு ஒன்று விழுந்தது. அப்பா திரும்பினார். அவர் முடிவெடுப்பதற்கு முன்பே விரல் உள்ளே போய்விட்டது. டிக். குழல் சமையலறையைப் பார்த்திருந்தது. குனிந்து தட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

மாமாவுக்குப் போன் செய்தேன். தேய்த்த இரும்பு திரும்ப வராது, அந்த உறுப்பைப் புதிதாகத் தேடிப்பிடித்துப் போடவேண்டும், எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது என்றார். "அதுவரைக்கும் துப்பாக்கிய எங்கிட்ட குடுத்துடச் சொல்லும்மா" என்றார்.

"துப்பாக்கி இல்லாத கன்மேனுக்கு என்னா பேரு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார் அப்பா. மறுநாள் பௌர்ணமி. எப்போதும்போலப் புறப்பட்டுப் போனார்.

நானும் பின்னாலேயே போனேன். காலையிலிருந்தே கிரிவலக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு கிளை வாசலை ஒட்டியே போய்க்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு வண்டி வரும். அப்பா குழலுக்குள் தோட்டாவை ஏற்றுவார். எங்கேயோ ஒரு பலூன் வெடித்தாலும் போதும்.

அப்பாவைத் தாண்டி உள்ளே போய் மேனேஜர் வினோதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிக் கதவு வழியாக அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

மேனேஜர் அப்பாவை உள்ளே கூப்பிட்டார். "இருசப்பன், தோட்டாவ எல்லாம் லாக்கர்ல வெச்சிடுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "வேற கன்மேன் கேட்டா ரெண்டு மாசம் ஆவும். கன்மேன் இல்லாம கிளைய தொறக்கக்கூடாதுன்னு ரூல். இவரு சும்மா நிக்கட்டும். உள்ள தோட்டா இல்லன்னு யாருக்குங்க தெரியப்போவுது?" என்றார்.

அப்பா தோட்டாக்களை மேசைமேல் நிற்கவைத்துவிட்டு வெளியே போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். ரோட்டில் போகிறவர்களைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பு. வாசலில் நிற்கிறவரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது?

இது நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்று காலை கிளைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் அப்பாவுக்குச் சர்க்கரை போடாத டீ வாங்க நின்றேன். பக்கத்தில் பைக்கில் சாய்ந்திருந்த ஒருவன், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பேச்சுக் கொடுத்தான்.

"அக்கா, அந்த கன்மேன் உங்கப்பாங்களா?"

"ஆமா."

"அவரு துப்பாக்கில தோட்டாவே இல்லையாமே?"

அவன் சிரித்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் சிரிக்கவில்லை, கிளையின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி கிளம்பி, வளைந்து, கிளையைக் கடந்து மெதுவாகப் போனது.

ஓடிப்போய் அப்பாவின் இடது பக்கம் நின்று சொன்னேன்.

"நம்பர் பாத்தியா?"

"இல்லப்பா. வா, வீட்டுக்குப் போலாம்."

"உள்ள நாலு பொம்பளைங்க வேலை செய்யறாங்க" என்றார். என்னையும் உள்ளே தள்ளினார். "மேடத்த போலீஸுக்குப் போன் பண்ணச் சொல்லு. ஓடு."

நான் உள்ளே கால் வைத்ததும், இரும்புக் கேட்டை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தி, பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு அதன்மேல் முதுகைச் சாய்த்து, காலித் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நின்றார்.