தியோடரின் காதும் ஒரு டீசல் இன்ஜினும்

பிரேசர் டவுனில் காது மெஷின் விற்கும் கடை ஒன்றில் பிரிஸில்லா சேர்ந்த புதிதில் அவளுக்குக் கொடுத்த வேலை, வந்தவர்களைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடுவது. காது கேட்காதவர்கள் வருகிற இடத்தில் இப்படி ஒரு வேலையை உண்டாக்கிய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. தொண்டை வலிக்கக் கத்திப் பார்த்துவிட்டு, எழுந்து போய்த் தோளைத் தொட்டுக் கூப்பிட ஆரம்பித்தாள். அப்படி எழுந்து எழுந்து நடந்தே உள்ளறைக் கம்ப்யூட்டர் வரை போய்ச் சேர்ந்தாள். இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. டாக்டர் பரிசோதித்துச் சொன்னதும் மெஷினை அவரவர் காதுக்கேற்றபடி அமைத்துக் கொடுப்பது அவள்தான்.

பொம்மை ரயிலுக்கும் அவளுக்கும் சம்பந்தம் வந்தது முகேஷால். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, இந்திரா நகரில் வீடு, மாடியறை முழுக்க ரயில் பாதை. அப்பாவுக்கு மெஷின் வாங்க வந்தவன், பிரிஸில்லா லேப்டாப்பில் கேபிளைச் செருகி, கீச்சுச் சத்தத்தை ஏற்றி, கனத்த சத்தத்தை இறக்கி, மெஷினுக்குள் எண்களைப் பதிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவை மறந்தே போனான்.

"ஆன்ட்டி, இதே வேலையை என் இன்ஜினுக்குப் பண்ணத் தெரியாம நான் முழிச்சிட்டிருக்கேன்" என்றான்.

அடுத்த வாரம் அப்பா வரவில்லை, இன்ஜின் வந்தது.

ஒரு சாண் நீளம் இருக்கும். அதன் வயிற்றுக்குள் நகத்தளவில் ஒரு டீகோடர், சர்க்கரைக் கட்டி அளவில் ஒரு ஸ்பீக்கர். தண்டவாளம் வழியாக வரும் உத்தரவைப் படித்து, எப்போது எந்தச் சத்தம் வரவேண்டும் என்று தீர்மானிப்பது அந்த டீகோடர். ஹாரன், பிரேக், கம்ப்ரஸர், உறுமல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. எண்ணைக் கூட்டினால் சத்தம் கூடும். கீச்சு தனி, கனம் தனி என்று பிரித்து ஏற்றி இறக்கவும் வசதி இருந்தது. புது எண் பதிந்ததும் இன்ஜின் ஒரு முறை உடம்பை உலுக்கிக்கொள்ளும், ஆகட்டும் என்று தலையாட்டுகிற மாதிரி. பிரிஸில்லாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கடைக்கு வருகிறவர்களில் ஒருவரும் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதில்லை.

அவள் கணவர் தியோடர் நிஜ இன்ஜின் ஓட்டியவர். கிருஷ்ணராஜபுரம் ஷெட்டிலிருந்து கிளம்பும் பழைய டீசல்கள், ரயில்காரர்கள் ஆல்கோ என்று சொல்பவை, அவர் கைக்குப் பழக்கமானவை. ஓய்வு பெற்ற பிறகு மனிதர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே இருந்தார். சர்ச்சுக்குப் போவார், வருவார். பேப்பரைத் தேதியிலிருந்து கடைசிப் பக்க விளம்பரம் வரை படிப்பார். வீட்டில் ஏதாவது கேட்டால் "பாக்கலாம்" என்பார். எதைப் பார்க்கப் போகிறார் என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

முகேஷின் இன்ஜின் சாப்பாட்டு மேஜைமேல் முதல் முறை உறுமியபோது அவர் பேப்பரைக் கீழே வைத்தார்.

"என்னது இது?"

"ஆல்கோவாம்."

"ஆல்கோவா? மிக்ஸில சட்னி அரைக்கிற மாதிரி இருக்கு. தள்ளு."

நாற்காலி அன்றைக்கு இடம் மாறி மேஜையருகே வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பாடு முடிந்து, தட்டுகளை எடுத்ததும் மேஜைமேல் வட்டமாக ஒரு சின்னத் தண்டவாளம் வந்துவிடும். தியோடர் கண்ணை மூடிக்கொள்வார். சத்தம் ஏற வேண்டுமென்றால் ஆள்காட்டி விரல் மேலே போகும், இறங்க வேண்டுமென்றால் கீழே. விரல் அசையாமல் நின்றால் சரி. பிரிஸில்லா அந்த விரலைப் பார்த்து எண்ணை மாற்றுவாள். நடுநடுவே அவர் பேசவும் செய்தார். மேட்டில் ஏறும்போது இன்ஜின் எப்படி மூச்சு வாங்கும், ஸ்டேஷன் வருவதற்கு முன் வேகத்தை எங்கே குறைக்க வேண்டும் என்றெல்லாம். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

முகேஷின் நண்பர்கள் ஒவ்வொருவராக இன்ஜினைக் கொண்டுவந்தார்கள். "அங்கிள் கேட்டு ஓகே பண்ணினது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பெருமை கூடத்தில் ஃபேனுக்கு அடியில் அவரோடு உட்கார்ந்திருந்தது. முகச்சவரம் தினமும் நடந்தது. பிரிஸில்லா சந்தோஷமாக இருந்தாள்.

ஒரே ஒரு விஷயம்தான் தீராமல் நின்றது. ஆல்கோ வேகம் பிடிக்கும்போது உறுமலுக்கு மேலே மெல்லிய விசில் ஒன்று ஏறும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் சத்தம். தியோடருக்கு அது எந்த இன்ஜினிலும் போதவில்லை.

"விசில் எங்கே? ஏத்து."

ஏற்றினாள். விரல் இன்னும் மேலே போனது. இன்னும் ஏற்றினாள். அவள் காதுக்கு அது கூர்மையாகத்தான் பட்டது. ஆனால் அவள் என்றைக்கு இன்ஜினுக்குள் உட்கார்ந்தாள்? "கேபினுக்குள்ள இப்படித்தான் இருக்கும்" என்று அவர் சொன்னார். ஆயுளெல்லாம் அதற்குள் உட்கார்ந்தவர் சொல்கிறார். ஒவ்வொரு இன்ஜினுக்கும் விசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போயிற்று.

ஒரு சனிக்கிழமை கடைக்குப் போன் வந்தது. முகேஷ் நல்ல பிள்ளை. குறை சொல்வதற்கு முன்னால் நான்கு தடவை நலம் விசாரித்தான்.

"ஆன்ட்டி, அங்கிள்கிட்ட சொல்லாதீங்க. அந்த விசில் ஜாஸ்தியாயிடுச்சு போல. இன்ஜின் ஸ்டார்ட் பண்ணினாலே எங்க நாய் கட்டில் கீழ போயிடுது. என் வைஃப் தீபிகா காதுல பஞ்சு வெச்சுக்கிறா. மத்தவங்களும் சொல்றாங்க. அங்கிள் மனசு கஷ்டப்படும்னு யாரும் வாயைத் திறக்கல."

பிரிஸில்லா போனை வைத்துவிட்டு அடுத்தவரை உள்ளே அழைத்தாள். லேத் பட்டறையில் காலம் தள்ளிய மனிதர். இரைச்சலில் உழைத்தவர்களுக்கு முதலில் போவது கீச்சுச் சத்தங்கள்தான். கனத்தது கேட்கும், மெல்லியது கேட்காது. அப்படிப்பட்டவர்களுக்குத் திரையில் எந்தப் பட்டையை மேலே தள்ள வேண்டும் என்று அவள் கைக்கு மனப்பாடம். தள்ளினாள். தள்ளிய கை அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாட்டு மேஜையில் தியோடருக்காக அவள் தள்ளிக்கொண்டிருந்ததும் அதே பட்டைதான்.

ஊரான் காதையெல்லாம் அளந்துகொண்டிருந்தவள், தன் வீட்டுக் காதை வைத்தே ஊருக்கு அளந்து கொடுத்திருக்கிறாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் மேஜையில் ஒரு காரியம் செய்தாள். தியோடர் கண்ணை மூடியிருந்தபோது விசிலை முழுக்க அணைத்துவிட்டு இன்ஜினை ஓட்டினாள். வெறும் உறுமல் மட்டும் போனது.

"இப்போ?" என்றாள்.

"அப்படியேதான் இருக்கு. இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றார் அவர், விரலை உயர்த்தியபடி.

அந்த விரலைப் பார்க்க அவளால் முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி சமையலறைக்குள் போனாள்.

சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? கடையில் வாரத்துக்குப் பத்துப் பேரிடம் சொல்கிறாள். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் சார்" என்று ஆரம்பிக்கும் அந்தப் பேச்சு அவளுக்கே புளித்துப்போனது. தியோடரிடம் இருப்பதே இப்போது அந்தக் காது ஒன்றுதான். அது போய்விட்டது என்றால் மனிதர் மறுபடி கூடத்து நாற்காலிக்குப் போவார். இந்த முறை எழுந்து வரமாட்டார். சொல்லாமல் விட்டால், அவரை வைத்துக்கொண்டே பின்னால் அவள் எண்களைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். அவர் விரலை ஆட்டுவார், அவள் தன் இஷ்டத்துக்குப் பதிப்பாள். அதுவும் ஒரு பிழைப்பா என்று தோன்றியது. முகேஷுக்கும் மற்றவர்களுக்கும் சொல்ல ஒரு பொய் மட்டும் தயார் செய்தாள். சாஃப்ட்வேரில் ஏதோ கோளாறு, எல்லா இன்ஜினையும் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடலாம்.

அந்த வாரம் டாக்டரிடம் கேட்டு, மாட்டிப் பார்ப்பதற்கென்று கடையில் வைத்திருக்கும் மெஷின் ஜோடி ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். முகேஷின் இன்ஜினையும் வாங்கி வந்தாள். நிஜ ஆல்கோவில் பதிவு செய்த ஒலியை ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டு, தன் காதை நம்பி, விசிலை அது இருக்க வேண்டிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை தட்டுகள் போயின, தண்டவாளம் வந்தது. இன்ஜின் ஓடியது. விரல் மேலே போனது. பிரிஸில்லா எண்ணைத் தொடவில்லை.

"ஏத்தும்மா. விசிலே இல்ல."

"இருக்குங்க."

"எங்கே இருக்கு?"

"இருக்குங்க. எனக்குக் கேக்குது. முகேஷ் வீட்டு நாய்க்கும் கேக்குது."

தியோடர் கண்ணைத் திறந்தார். போன ஞாயிறு விசிலை முழுக்க அணைத்துவிட்டு ஓட்டியதையும், அப்படியேதான் இருக்கிறது என்று அவர் சொன்னதையும் சொன்னாள்.

"என்னை டெஸ்ட் பண்ணினியா?"

"ஆமாங்க."

அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். கீழே ஆட்டோ ஒன்று திரும்ப முடியாமல் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் மேஜைமேல் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தலாமா வேண்டாமா என்று பிரிஸில்லாவுக்குத் தெரியவில்லை. நிறுத்தினால் எல்லாம் முடிந்த மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஆட்டோ போய்விட்டது. அவர் திரும்பி வந்து நின்றார்.

"அப்போ நான் சொன்னதெல்லாம் தப்பா? ஆல்கோ எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத்தான் தெரியும். உங்க மண்டையில இருக்கிற சத்தம் கரெக்ட். அது மாதிரி வரலைன்னுதானே ஏத்து ஏத்துன்னு சொன்னீங்க. நான்தான் மடச்சி. மாத்த வேண்டியதை விட்டுட்டு இன்ஜினை மாத்திட்டிருந்தேன்."

கைப்பையைத் திறந்து மெஷின்களை மேஜைமேல் வைத்தாள். அவர் அவற்றைத் தொடவில்லை. மேலே வந்து விழுந்த பல்லியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"மாட்டிப் பாக்க மட்டும்தான். நாளைக்கு டாக்டர் பாத்த பிறகுதான் மத்ததெல்லாம். வாங்க, உக்காருங்க. கண்ணை மூடிக்கோங்க."

"எனக்குப் பேச்செல்லாம் நல்லாத்தான் கேக்குது."

"பேச்சு கிடக்கட்டும். விசில் வேணுமா வேணாமா?"

தியோடர் உட்கார்ந்தார். கடையில் எத்தனையோ பேர் காதுக்குப் பின்னால் போன அவள் விரல்கள் இன்றைக்குத்தான் அவர் காதுக்குப் பின்னால் போயின. மாட்டி முடித்து, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இன்ஜினுக்கு வேகம் கொடுத்தாள். வழக்கம்போல விரல் மேலே போனது. இந்த முறை இன்ஜினில் ஒரு எண்ணும் மாறவில்லை. அவள் ஏற்றியது அவர் காதில். விரல் இன்னும் கொஞ்சம் போனது. ஏற்றினாள். சட்டென்று கீழே வந்தது. இறக்கினாள். மறுபடி ஒரு நூலளவு மேலே. பிறகு அசையாமல் நின்றது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. இன்ஜினை மெதுவாக்கச் சொன்னார், வேகம் கொடுக்கச் சொன்னார். விசில் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

"இதுதான்" என்றார். "மேட்டுல ஏறும்போது இப்படித்தான் கேக்கும்."

பிரிஸில்லாவுக்கு அழுகை வந்தது. அழுதாள். அவர் கண் மூடியிருந்ததால் அதை மறைக்க வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்தாள். முகேஷிடம் அந்த சாஃப்ட்வேர் பொய்யைச் சொல்லிவிட வேண்டும். அவள் பேசுவதற்குள் தியோடர் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். மெஷினுக்குப் பழகாத காதில் அதை எப்படி வைப்பது என்று தெரியாமல் இரண்டு தடவை மாற்றி மாற்றி வைத்தார்.

"முகேஷ், அங்கிள் பேசறேன். இன்ஜின்ல ஒரு தப்பும் இல்லப்பா. என் காது போயிருக்கு. அது தெரியாம என் காதுக்கு ஏத்த மாதிரி உங்க எல்லாருக்கும் பண்ணிக் குடுத்துட்டேன்."

மறுமுனையில் முகேஷ் பதறிப்போய், அதெல்லாம் பரவாயில்லை அங்கிள், நாங்களே சமாளித்துக்கொள்கிறோம் என்று ஏதேதோ சொல்வது பிரிஸில்லாவுக்கும் கேட்டது. தியோடர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"சமாளிக்கிறதெல்லாம் வேணாம். எல்லாத்தையும் கொண்டா" என்றார். "இந்தத் தடவை நான் கேட்டுச் சொல்றேன்."