ராஜலிங்கத்தின் தொட்டியில் பாசி

என் தம்பி ராஜலிங்கத்தைத் திருத்துறேன்னு சாமி, சத்தியம், மந்திரிச்ச கயிறு, ஆஸ்பத்திரி மருந்துன்னு நாங்க படாத பாடு பட்டோம். ஒண்ணுக்கும் மசியல அவன். கடைசியில அவனைத் திருத்தினது ஒரு மீன் தொட்டி. சொன்னா சிரிப்பீங்க. நானும் சிரிச்சவதான்.

பிலிமத்தலாவையில கட்டில் மேசை விக்கிற ஒரு தளபாடக் கடையில அவனுக்கு வேலை. அங்க மூலையில கிடந்த கீறல் விழுந்த கண்ணாடித் தொட்டியை முதலாளிகிட்டக் கேட்டு வாங்கி, பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டாந்து, ஒழுகாம இருக்கச் சிலிக்கன் பசை பூசினான். கீழ மண்ணு, மேல மணல், அதுல செடி. தண்ணிக்குள்ள தோட்டம் போடுறான் பைத்தியக்காரன்னு நான் ஹந்தானை பூரா சொல்லித் திரிஞ்சேன். ஆனா வேலை முடிஞ்சா நேரா வீடு. மீனுக்குத் தீனி போடுறதும் செடியைக் கத்தரிக்கிறதுமா இருந்தான். சந்தியில இருக்கிற சாராயத் தவறணைப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. அவன் பொண்டாட்டி பாலம்மா மொகத்துல அப்பத்தான் கொஞ்சம் சதை புடிச்சுச்சு. அந்தத் தொட்டி இருக்கிற வரைக்கும் அவர் குடிக்க மாட்டாருன்னு அவ நம்பினா. வாயால நான் ஒத்துக்கல, ஆனா நானும் அதைத்தான் நம்பினேன்.

பிறகு பாசி வந்துச்சு.

முதல்ல கண்ணாடியில பச்சைப் பொடி. பழைய பேங்க் கார்டு ஒண்ணை வச்சு வழிச்சான். அப்புறம் இலை நுனியில முடி மாதிரி நூல் நூலா. பல்லு விளக்குற பிரஷ்ஷை விட்டுச் சுத்திச் சுத்தி எடுத்தான். விடிஞ்சு பாத்தா திரும்ப நிக்குது. வெளிச்சம் கூடிப்போச்சுன்னு ஜன்னலுக்குத் துணி கட்டினான், லைட்டைப் பாதி நேரம் நிறுத்தினான், தீனியைக் குறைச்சான். "செடி நல்லா வளந்தா பாசிக்குச் சாப்பாடு கிடைக்காதுக்கா. செடி சோந்து போனா பாசி ஏறி உக்காந்துரும்"னு எனக்கு விளக்கம் வேற. செடியோ வெளுத்துக்கிட்டே போச்சு. அவனும் பேச்சைக் குறைச்சுக்கிட்டான். ஒரு வெள்ளிக்கிழமை நேரம் கழிச்சு வந்தான். வாயில வாடை இல்ல. "எங்க நின்னீங்க?"ன்னு பாலம்மா கேட்டதுக்கு, "சந்தியில. சும்மா நின்னேன்"னான்.

சும்மா நின்னானாம்! அந்தச் சந்தியில சும்மா நிக்க வேற என்ன இருக்கு?

செடியை எப்படியாவது தேத்திறணும்னு பாலம்மா முடிவு பண்ணிட்டா. அவ புசல்லாவையில தேயிலைக் கொழுந்து எடுத்து வளந்தவ. செடி வெளுத்தா உரம் போடணும், அதுதான் அவ கண்ட உலகம். போஞ்சிச் செடிக்குப் போட அவ அண்ணன் குடுத்த தேயிலை உரம் ஒரு பையில கிடந்துச்சு. மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் அதுல ஒரு கை அள்ளித் தொட்டிக்குள்ள போட்டுட்டா. வெயில் படட்டும்னு ஜன்னல் துணியையும் அவுத்து விட்டுட்டா. செடி எந்திரிச்சா புருஷனும் எந்திரிப்பாருன்னு நினைப்பு. அன்னைக்கு ராவு வந்தவன் தொட்டிப் பக்கம் திரும்பியே பாக்காமப் படுத்துட்டான்.

ஞாயித்துக்கிழமை அவனுக்கு அரை நாள் வேலை. மத்தியானம் "மதினி, ஓடியாங்க!"ன்னு அடுத்த வீட்டுலேருந்து பாலம்மா கத்துறா. போய்ப் பாத்தா தண்ணி கீரை அவிச்ச தண்ணியாட்டம் இருக்கு. மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைத் தொறக்குது. ரெண்டு மூணு செத்து மிதக்குது. "என்னாடி போட்ட?"ன்னேன். உரம்னு சொன்னா. வந்துச்சே எனக்குக் கோவம்! "நீ என்ன தேயிலை மலையிலயா நிக்கிற, உரத்தை அள்ளி வீச? உள்ள மீன் இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"ன்னு கத்திக்கிட்டே பைப்புத் தண்ணியை வாளியில புடிச்சேன். அவ என் கையைப் புடிச்சுக்கிட்டா.

"வேணாம் மதினி! பைப்புத் தண்ணியைப் புடிச்ச உடனே ஊத்தக் கூடாது. அதுல கலக்குற மருந்து மீனைக் கொன்னுரும், ஒரு நாள் வச்சுட்டுத்தான் ஊத்தணும்னு சொல்லியிருக்காரு."

ஒரு நாளைக்கு எங்க போறது? பொழுது சாயுற வரைக்கும் தாங்காது அந்த மீனு. என்ன செய்யுறதுன்னு தெரியாம ரெண்டு பேரும் வாளியைச் சுத்தி நின்னோம். அந்த நேரம் பாத்து ராஜலிங்கம் வந்துட்டான்.

தொட்டியைப் பாத்தான். குனிஞ்சு தண்ணியை மோந்தான். பாலம்மா முன்னால வந்து, "நான்தாங்க... உரம்... செடி நல்லா வரும்னு..."ன்னு இழுத்தா. ஒரு வார்த்தை திட்டினானா? இல்ல. திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். பின்கதவால வெளிய போயிட்டான்.

"போயிட்டாரு மதினி. நானே அனுப்பி வச்சுட்டேன்"னு அவ கதிரையில அப்படியே சாஞ்சா.

நான் விடுவேனா? சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு இறக்கத்துல ஓடினேன். தூரத்துல அவன் முதுகு தெரியுது. சந்தியைப் பாத்துத்தான் போறான். பாவிப்பய, போறானே போறானேன்னு வயித்துல அடிச்சுக்கிட்டேன். தவறணை வாசல்ல அவன் பழைய கூட்டாளி முத்துலிங்கம் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கிறான்.

"வாய்யா லிங்கம்! இப்பதான் வழி தெரிஞ்சுச்சா? உள்ள வா, இன்னைக்கு நான் எடுத்துத் தாறேன்."

ராஜலிங்கம் நின்னுட்டான். அந்தக் கதவையே பாத்துக்கிட்டு நிக்கிறான். நானும் ரோட்டோரமா நின்னுட்டேன்.

"தள்ளுய்யா"ன்னான். "வீட்டுல மீனு மூச்சுக்குத் தவிக்குது. நான் பீலிக்குப் போகணும்."

அப்பத்தான் பாத்தேன், அவன் ரெண்டு கையிலயும் வெறும் தண்ணிக் கேன். ஓடி வந்த அவசரத்துல அது என் கண்ணுலயே படல. தவறணையைத் தாண்டி அந்த வளைவுலதான் பீலி. மலைத்தண்ணி ராப்பகலா விழும், அதுல யாரும் மருந்து கலக்குறதில்ல. எனக்கு ஏன் அது தோணல?

திரும்பினவன் என்னைப் பாத்துட்டான். "நீ எதுக்குக்கா இங்க வந்த?"

"தண்ணி தூக்கத்தான்டா"ன்னு வாய் கூசாமப் பொய் சொல்லி ஒரு கேனைப் புடுங்கிக்கிட்டேன்.

இருட்டுறதுக்குள்ள அந்த வாசலைத் தாண்டி எத்தனை நடை போனோமோ. பச்சைத் தண்ணியை எறைச்சு எறைச்சு, பீலித் தண்ணியை மெதுவா ஊத்தினோம். பாதி மீன் பொழைச்சுச்சு. கடைசிக் கேனை ஊத்தும்போது பாலம்மா அழுதுக்கிட்டே சொன்னா, "என்னை மன்னிச்சுருங்க. நீங்க குடிக்கப் போயிட்டீங்கன்னு நினைச்சுட்டேன்."

அவன் தொட்டியிலேருந்து கண்ணை எடுக்கல.

"குடிக்கத்தான் புள்ள கிளம்பினேன். பின்வாசல்ல அந்தக் கேன் காலுல தட்டுச்சு."