சாமிக்கு நேர்ந்த முடியில் எனக்கு ஒரு கொத்து

என் ஆராய்ச்சிக்குத் தேவை தலைமுடி. விசைத்தறி ஓட்டுகிறவர் மூன்று மாதமாக எவ்வளவு மன அழுத்தத்தில் இருந்தார் என்பதை, பின்னந்தலையில் தோலை ஒட்டிய மூன்று சென்டிமீட்டர் முடி சொல்லிவிடும். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்களிடம் தை மாதம் ஒருமுறை வெட்டி வாங்கினேன். இரண்டாம் முறைக்கு ஆடியில் ஒரு நாள் குறித்தேன். திருத்தணியிலேயே பிறந்த மண்டு நான்; அது ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்!

கிருத்திகையன்று காலை தறிக்காரர் ஒருவர் போன் செய்தார். "டாக்டரம்மா, நாளைக்கு வராதீங்க. உங்க லிஸ்ட்ல இருக்கிற பதினோரு பேரு திருத்தணிக்கு மொட்டை போட வந்துகினு இருக்கோம்."

பதினோரு பேர் போனால் ஒப்பிட ஆள் போதாது. உதவித்தொகை தீர்வதற்குள் மறுபடி முடி வளராது. மூன்று வருட உழைப்பு ஆற்றில் கரைத்த புளிதான். கத்தரிக்கோலும் முடியைப் பொதிய அலுமினியத் தாளுமாகக் காவடிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடினேன். எல்லாரும் அரோகரா என்றார்கள், நானும் அரோகரா என்று கத்தினேன். வழி விட்டார்கள்!

முடிக்காணிக்கை மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கத்தரியைப் பார்த்ததும் தறிக்காரர் பதறினார். "தையில குட்த்தப்போ வேண்டுதல் இல்ல. இப்ப நேந்துகினு வளத்தது. கத்தரி படக் கூடாதும்மா."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த தறி நூலை உருவி, தறியில் அறுந்த இழையை இணைக்கும் முடிச்சை ஒவ்வொருவர் பின்னந்தலையிலும் தோலை ஒட்டிப் போட்டார். கத்தி இறங்கியதும் கொத்து கலையாமல் விழுந்தது. நான் தாவித் தாவிப் பொறுக்கி, தாளில் நம்பர் போட்டுப் பொட்டலம் கட்டினேன்.

"அதுவும் சாமிதுதான?" என்றார் சிரைப்பவர்.

"ஆங். சாமி எண்ணியா பாக்கப் போவுது?" என்றார் தறிக்காரர்.

பதினொன்றும் கிடைத்துவிட்டன. சந்தோஷத்தில் குதித்தேன், வெட்கமே இல்லாமல்.

மொட்டையில் சந்தனம் பூசிக்கொண்டே தறிக்காரர் கேட்டார். "நாங்க பட்ட கஷ்டத்த இது மெய்யாவே சொல்லுமா?"

"சொல்லும். ஆனா பேர் போட மாட்டேன், நம்பர் மட்டுந்தான்."

"நான் எத்தினி?"

"ஏழு."

ஏழாம் பொட்டலத்தைத் தொட்டுக் காட்டினார். "ஏழு ரொம்ப கஷ்டப்பட்டுச்சின்னு எழுதுங்க. வூட்ல கூட சொல்லல."