மதியச் சங்கு

திருவொற்றியூரில் எங்கள் தெரு கம்பெனிச் சங்குக்குத்தான் கண் விழிக்கும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கடலும் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அது நேரங்காலம் இல்லாமல் இரைந்துகொண்டே இருக்கும், அதை நம்பி யாரும் உலை வைக்க முடியாது. சங்கை நம்பலாம். எல்லாரையும்விட அதை நம்பியவர் என் சித்தப்பா.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். சித்தப்பா நைனாவின் தம்பி. மீசை வைத்த ஆள்தான். ஆனால் புது விஷயம் எதுவும் அவருக்குள் போய் உட்கார நாள் பிடிக்கும். உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்காது. கடிகாரம் பார்க்க வராது. காலைச் சங்குக்குக் குளிப்பார், மதியச் சங்குக்குச் சாப்பிடுவார், சாயங்காலச் சங்குக்கு வாசலில் நின்று, அந்தக் கம்பெனியிலிருந்தே சைக்கிளில் திரும்பும் நைனாவின் கையிலிருந்து டிபன் கேரியரை வாங்கிக்கொள்வார்.

ஒருநாள் கம்பெனி கேட்டில் பூட்டு தொங்கியது. லாக்அவுட். சங்கு நின்றது.

அன்று மதியம் சித்தப்பா தட்டைக் கவிழ்த்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தார். அம்மா சோறோடு வந்தாள். கவிழ்ந்த தட்டு கவிழ்ந்தே இருந்தது, சாயங்காலம் வரை. மறுநாளும் அப்படித்தான். மாதவரத்திலிருந்து வந்த அத்தை, ரெண்டு போடு போட்டால் தன்னால் சாப்பிடுவான் என்றாள். எங்கேயோ ஒரு கோயிலில் இந்த மாதிரி ஆட்களைக் கட்டிப்போட்டுச் சரி பண்ணுகிறார்களாம் என்றும் சொன்னாள். அம்மா அவளுக்கு டீ கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.

அதே வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி இன்னொருவரும் சாப்பிடாமல் இருந்தார். பூட்டு விழுந்ததிலிருந்து நைனாவிடம் பேச்சு இல்லை, சவரம் இல்லை. கூப்பிட்டால் தோள் மட்டும் லேசாக அசையும். அவரைப் பற்றி அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு வைக்க ஊரிடம் எத்தனையோ பேர்கள் இருந்தன. நைனாவுக்கு வந்ததற்கு எங்களிடம் ஒரு பேரும் இல்லை. ரெஸ்ட் எடுக்கிறார் என்றோம்.

அம்மா அந்த முதுகின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“உன் தம்பி சங்கு இல்லாம துன்ன மாட்டேன்னு குந்திகினு கீறான். நீ மேல போய் ஊது.”

முதுகு திரும்பாமலே பேசியது. “நான் இன்னா சங்கா?”

“இத்தினி வருசம் கேட்டவன்தானே. ஊது.”

நைனா எழுந்தார். மொட்டை மாடிக்குப் போய், கைகளை வாயருகே குவித்து ஊதினார். நனைந்த பூனை கத்துவது போலிருந்தது. எதிர் டீக்கடையில் சிரிப்பு. “இன்னா மாமு, கம்பெனிக்கே சங்கு ஊதிட்டியா?” என்று ஒரு குரல். கீழே சித்தப்பா தட்டை நிமிர்த்தினார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு தினமும் மூன்று வேளையும் ஊதினார். வேலையில்லாமல் டீக்கடையில் கிடந்த மற்ற கம்பெனிக்காரர்கள் முதலில் கிண்டலடித்தார்கள், அப்புறம் திருத்தத் தொடங்கினார்கள். மதியச் சங்கு இதைவிட நீளம் என்றார் ஒருவர். கடைசியில் ஒரு இழுப்பு இழுத்துத்தான் அடங்கும் என்றார் இன்னொருவர். நைனா மாடியிலிருந்தே அவர்களோடு சண்டை போட்டார். சண்டைக்கு வாய் திறந்த மனிதர் ஒருநாள் சவரம் செய்துகொண்டார், இறங்கிப் போய் டீ குடித்தார். குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கூரைகள் மேல் ஏறி, லாரிச் சத்தத்தைத் தாண்டி எர்ணாவூர் வரைக்கும் கேட்கிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டேன்.

ஆனால் சில நாட்கள் சுவர் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும். அப்படி ஒரு மதியம் நைனா எழவில்லை. எனக்கு அது நல்ல வாய்ப்பாகப் பட்டது. யாருக்கும் தெரியாமல் பழகி வைத்திருந்தேன். நைனாவைவிட நன்றாகவே ஊதுவேன். பாதிப் படியில் அம்மா என் சடையைப் பிடித்துவிட்டாள்.

“நீ ஊதக் கூடாதுடி. அவுரு எயுந்து வரட்டும்.”

சித்தப்பா பசியோடு இருக்கிறாரே என்றேன். அம்மா சடையை விடாமல் என்னைக் கீழே இறக்கிவிட்டாள். கோபத்தோடு சமையலறைக்குள் போனேன். அங்கே அடுப்போரமாக, நெத்திலிக் குழம்பும் சோறுமாக வாயை அடைத்துக்கொண்டு சித்தப்பா உட்கார்ந்திருந்தார். சங்கே இல்லாமல் சாப்பிட அவருக்கு எப்போது பழகியதோ. என்னைப் பார்த்ததும் அவசரமாக விழுங்கிவிட்டு விரலை உதட்டில் வைத்தார். தட்டைக் கழுவினார், துடைத்தார். கூடத்துக்குப் போய், சுவரோடு ஒட்டிக் கிடந்த நைனாவின் பின்னால் அதைக் கவிழ்த்து வைத்துச் சம்மணமிட்டார்.

“ண்ணா, பசிக்குது. சங்கு இன்னும் ஊதல.”

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னார். பிறகு மறுபடியும். அலுப்பு என்பது அவருக்கு வராத இன்னொரு விஷயம். கடைசியில் நைனா எழுந்து படியேறினார். சங்கு அன்றைக்கு நீளமாக, அந்தக் கடைசி இழுப்போடு வந்தது. சித்தப்பா தட்டை நிமிர்த்தினார், இறங்கி வந்த அண்ணன் முன்னால் இன்னொரு தட்டைத் தள்ளினார், அன்றைக்கு அதுதான் முதல் கவளம் என்பது போலவே சாப்பிட்டார்.

சித்தப்பாவுக்கு மட்டும் ஏன் ரெண்டு சாப்பாடு என்று அம்மாவிடம் நியாயம் கேட்டேன்.

“நம்ம வூட்ல இப்போ வேலைக்குப் போறது அவன் ஒருத்தன்தான்டி. துன்னட்டும்,” என்றாள்.

தெருமுனையைக்கூடத் தாண்டாதவர் எந்த வேலைக்குப் போகிறார்? கண்டுபிடித்தே தீருவதென்று அன்று பொழுது சாயும்வரை அவர் பின்னாலேயே அலைந்தேன். சித்தப்பா ஒரு வேலையும் செய்யவில்லை. சாயங்காலச் சங்கு முடிந்ததும் மாடிப் படியின் கீழே போய் நின்றார். ஊதிவிட்டு இறங்கி வந்த நைனாவின் வெறுங்கையை, டிபன் கேரியரை வாங்குவது போல வாங்கிக்கொண்டு உள்ளே கூட்டிப் போனார். அவ்வளவுதான்.