தராசு பார்த்த ஓட்டம்

அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். கால்பந்து வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி அது. உதைத்த உதைக்கு ஏற்றபடி பந்து பறக்கிறதா, இருவர் மோதினால் கனமானவன் நின்று ஒல்லியானவன் விழுகிறானா, ஈரப் புல்லில் கால் வழுக்குகிறதா என்று திரையைப் பார்த்து 'நிஜம்', 'பொய்' என்று தீர்ப்புச் சொல்வதுதான் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். பார்த்ததைச் சும்மாவும் சொல்ல மாட்டாள். "இவன் விழுறானா, இல்ல படுத்துத் தூங்கப் போறானா?" என்பாள். அறையே கொல்லென்று சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே அவள் பாதி நாள் வேலைக்குப் போனாள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆனால் உண்மை அதுதான்.

அவள் புருஷன் ஒரு காலத்தில் மைதானத்தில் நிஜப் பந்து ஆடியவன். ஓரமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தால் எதிராளிக்கு நாக்குத் தள்ளிவிடும் என்று அவனோடு ஆடியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஒரு மோதலில் இடது முட்டி போனது. அதோடு ஆட்டமும் போனது. இப்போது வாகன நிறுத்துமிடத்தில் சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிறான். கல்யாணம் அதற்கெல்லாம் பிறகு. அவன் நடந்து பார்த்திருக்கிறாள், மாடிப்படியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறிப் பார்த்திருக்கிறாள், குளியலறை வாசலில் விழுந்தும் பார்த்திருக்கிறாள். ஓடி மட்டும் பார்த்ததில்லை. ஊரே பார்த்ததைத் தான் பார்க்கவில்லையே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குறை.

புது கேமில் விழும் காட்சிகள்தான் உயிரை வாங்கின. கறுப்பு உடையில் புள்ளி ஒட்டிக்கொண்டு கேமராக்களுக்கு நடுவே ஆட்கள் விழுவார்கள். அசைவு மட்டும் பதிவாகி, திரையில் அவர்கள் முகமில்லாத கோட்டு உருவங்களாக வருவார்கள். கூலிக்கு வந்த விளையாட்டுக்காரர்கள் பத்திரமாக விழுந்தார்கள். உடம்பு சாயும் முன்பே கை தரையைத் தேடியது. எல்லாவற்றையும் 'பொய்' என்று தள்ளிய தராசு, கடைசியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எங்க வீட்டுக்காரருக்கு முட்டி திடீர்னு விட்டுடும் சார். அவர் விழுந்தா அதுதான் விழுறது" என்றாள். மேலாளர் மேசையைத் தட்டினார். "கூட்டிட்டு வாங்கம்மா."

வீட்டில் சொன்னபோது அவன் சிரித்தான்.

"விழுறதுக்கு ஆள் தேடுறாங்களா? வர்றேன். ஆனா ஒரே ஒரு தடவை ஓடுவேன். அதையும் எடுத்து, யாராவது ஒரு ஆட்டக்காரனுக்கு வைக்கணும்."

"நீங்க ஓடலாமா? டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டரா கேம் விளையாடப் போறாரு?"

பதிவு எடுத்த அன்று அவள் மேல்மாடியில் வேலையாக இருந்தாள். அவன் கீழே விழுந்துகொண்டிருந்தான். சாயங்காலம் முதுகெல்லாம் கன்றிப் போயிருந்தது. தைலம் தேய்க்கும்போது அவன் முகத்தில் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம். "ஓடினேன்" என்றான். "கண்ணை மூடிக்கிட்டு ஓடினேன். வலிக்கவே இல்ல. அப்படியே பழைய மாதிரி."

பதிவான எல்லோருடைய ஓட்டங்களும் தீர்ப்புக்கு வந்தன. யாருடைய அசைவு என்று தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று பெயரை நீக்கிவிட்டுத்தான் காட்டுவார்கள். அந்த விதியைக் கேட்டு வாங்கியதே அவள்தான். புருஷனைத் தேடினாள். அகலமாகக் காலெடுத்து வைத்து, தலை ஆடாமல் ஒரு கோட்டு உருவம் வந்தது. இதுவன்றி வேறு எது? 'நிஜம்' என்றாள்.

அடுத்து வந்ததைப் பார்த்ததும் பழைய வாய் திரும்பிவிட்டது. இடது காலில் எடையே ஏறவில்லை. வலது கால் அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது.

"யாருப்பா இது? பஸ்ஸை விட்டுட்டு ஓடுறானா?"

எல்லோரும் சிரித்தார்கள். "தூக்கிடலாமா?" என்றார் மேலாளர்.

"ஏன் சார் தூக்கணும்? அடிபட்டு வெளிய போறவனுக்கு வைங்க. தோளை இன்னும் கொஞ்சம் சாய்ச்சு விடுங்க, பார்க்கிறவன் வயிறு வலிக்கச் சிரிப்பான்."

அங்கேயே சாய்த்துப் பார்த்தார்கள். வயிறு வலிக்கத்தான் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து, "உங்க ஓட்டம் பாஸ்!" என்றாள். அவன் தலைகால் புரியாமல் ஆடினான். கேம் வெளியாகும்வரை, சீட்டு வாங்க வந்தவனிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

வெளியான வாரம் அவள் தம்பி கேமோடு வந்தான். மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ஓரத்தில் ஒருவன் பந்தோடு பறந்தான். "இதோ பாருங்க, நீங்க!" என்று அவன் தொடையைத் தட்டினாள்.

அவன் முன்னால் குனிந்து பார்த்தான். "இது நான் இல்லையே" என்றான்.

"நல்லாப் பாருங்க."

"என் ஓட்டம் எனக்குத் தெரியாதா?"

அதற்குள் தம்பி ஒருவனை இடித்துத் தள்ளினான். விழுந்தவன் எழுந்தான், மைதானத்து எல்லைக் கோட்டை நோக்கி இடது காலை இழுத்துக்கொண்டு, தோளைச் சாய்த்துச் சாய்த்து ஓடினான். "அக்கா! இவனைப் பாரு!" என்று தம்பி சோபாவில் உருண்டான்.

புருஷன் சிரிக்கவில்லை. மெல்ல எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான். இடது காலை இழுத்து வைத்த அந்த நாலு அடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. தம்பி இன்னொருவனை இடித்தான். மறுபடியும் அதே காலிழுப்பு.

"வலிக்கவே இல்லன்னு சொன்னேன்ல" என்றான், யாருக்குச் சொல்கிறான் என்று தெரியாமல். "இப்படித்தான் ஓடியிருக்கேன்."

அவள் டிவி ரிமோட்டைத் தேடிக் கையை நீட்டினாள்.

"கால் சரிதான். ஆனா என் தோள் இவ்வளவு சாயாதே" என்றான். "அதை யாரு செஞ்சது?"

"எவனா இருந்தாலும் கில்லாடி, மாமா" என்று தம்பி அடுத்தவனை இடித்தான்.

"தெரியலங்க" என்றாள் அவள்.

அவன் திரையை விட்டுத் திரும்பி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.